நார்மனின் பெட்டி

காலை பதினொன்று இருபது. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் பதினேழு பேர். பதினேழாவது ஆள் சலோமி. லீட்ஸிலிருந்து வரும் விமானம் இறங்கிவிட்டது என்று பலகையில் வந்து கொஞ்ச நேரம் ஆகிறது, கண்ணாடிக் கதவு இன்னும் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. திறக்காது. இறங்கி, நடந்து, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, பெட்டி சுழன்று வருகிறவரை நின்று, எப்படியும் அரை மணி நேரம் ஆகும். பதினாலு வருஷமாக ஸ்பெயினின் இந்த அலிகாந்தே விமான நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுவிடவும் கூட்டிப்போகவும் வருகிறவளுக்கு இது தெரியாதா, தெரிந்தும் வந்தவுடன் கம்பியைப் பிடித்தாயிற்று. கம்பி குளிர்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பி இப்படித்தான் குளிரும், கையுறை இல்லாமல் தொட்டால். முப்பத்தைந்து வருஷம் தொட்ட கம்பி. புருஷன் நார்மன் இப்போது பெட்டி சுழலும் இடத்தில் காலை அகட்டி நின்றுகொண்டு, யாராவது முன்னால் வந்து நின்றால் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருப்பான். மூன்று வாரம் லீட்ஸில், மகள் ரூத் வீட்டில். இரண்டு பேரும் அங்கேயே திரும்பி வந்துவிட வேண்டும் என்று தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பங்களா பார்த்து வைத்திருக்கிறாள் ரூத். போன ஞாயிற்றுக்கிழமை போனில், அந்த பங்களாவைப் பார்த்தாயா, எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "வந்து பேசிக்கலாம், லவ்" என்றான். அப்புறம் மழையைப் பற்றிப் பேசினான், ரூத்தின் நாயைப் பற்றிப் பேசினான். பங்களாவைப் பற்றிப் பேசவில்லை. பங்களா என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, இங்கிலாந்தில் பங்களா என்பது மாடிப்படி ஏற முடியாமல் போன கிழவன் கிழவிகளுக்காகக் கட்டிய ஒற்றைத்தளக் குட்டி வீடு. நாகர்கோவிலில் இருக்கும் தங்கச்சி ரத்னபாய்க்கு இது புரியவே இல்லை. "எக்கா, பங்களாவா வாங்கப் போற? நம்ம கலெக்டர் பங்களா மாதிரியா? அப்ப ஸ்பெயின் வீடு? ஒனக்கு எதுதான்க்கா ஊரு, ஒண்ணச் சொல்லு, நானும் ஜெபத்துல அதச் சொல்லணும்லா." கர்த்தருக்கு முகவரி தேவையா என்று கேட்டுச் சிரித்தாள் சலோமி. போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. 

வந்து பேசிக்கலாம். இந்தப் பேச்சை நார்மன் அடிக்கடி பேசுகிறவன் அல்ல. எதையும் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுகிற ஆள், பால் திரிந்துவிட்டது, தெருமுனை வீட்டுக்காரன் செத்துவிட்டான், எனக்கு உன்மேல் கோபம், எல்லாம் ஒரே மூச்சில். கேஸ் ஃபிட்டர்கள் அப்படித்தான் போலிருக்கிறது, மற்றவன் வீட்டு அடுப்படிக்குள் நேரே போய் எங்கே கசிகிறது என்று சொல்லிப் பழகியவர்கள். அவன் வந்து பேசிக்கலாம் என்று சொன்னது நாற்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் இதற்கு முன் மூன்று தடவை. கேஸ் கம்பெனியில் ஆட்குறைப்பு செய்த வருஷம், வேலை போன அன்று, பொதுத் தொலைபேசியிலிருந்து. அவனுடைய அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த அன்று. அப்புறம் ஒரு மார்ச் மாதம், நண்பர்களோடு ஒரு வாரம் வெயில் காயப் போகிறேன் என்று இங்கே வந்தவன், ஐந்தாம் நாள் போனில். அந்த முறை வந்து பேசவும் செய்தான். பேசினான் என்றால், பெனிரோசா என்ற மலையடிவார ஊரில், ஆரஞ்சுத் தோப்புக்குப் பக்கத்தில், வெள்ளையடித்த ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்திருப்பதைச் சொன்னான். அதாவது அவன் வந்து பேசிக்கலாம் என்றால் பேச ஒன்றும் மிச்சம் இல்லை. முடிந்துவிட்டது. ரூத் முடித்துவிட்டாள். பள்ளிக்கூட வாத்தியாரம்மா, வகுப்பையே முடிக்கிறவள், அப்பனை முடிக்க மாட்டாளா. கதவு திறந்தது. இல்லை, துடைக்கிற வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண். சும்மா திறந்து சும்மா மூடுகிறது.

பெட்டியைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்காகத்தானே கம்பியை விடாமல் நிற்கிறது. பெட்டி கனமாக வருகிறதா, காலியாக வருகிறதா. பெனிரோசாவில் இருக்கிற வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, யார் இங்கிலாந்து போனாலும் திரும்பும்போது பெட்டி நிறைய இங்கிலாந்தைக் கொண்டுவர வேண்டும். தேயிலைப் பை, குழம்புப் பொடி, புளிப்பாக ஒரு பழுப்பு சாஸ், முக்கியமாக பேக்கன். பன்றித் தொடையை முழுசு முழுசாகக் கடைக் கூரையில் தொங்கவிட்டு விற்கிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு, இவர்களுக்கு யார்க்ஷயர் பன்றிதான் வேண்டும். காலையில் எழுந்தவுடன் அதை வாட்டிக்கொண்டே, அந்த நாடு ஒழிந்தது, இனி அங்கே மனுஷன் இருக்க முடியாது என்று பேசுவார்கள். நார்மன் முதலில் செய்வது போனில் லீட்ஸின் வானிலையைப் பார்ப்பது. "ஒன்பது டிகிரி, மழை" என்று சத்தமாக வாசிப்பான், பரிசு விழுந்த எண்ணை வாசிக்கிற மாதிரி. அப்புறம்தான் முகம் கழுவுவான். என்றாவது ஒருநாள் லீட்ஸில் இங்கே இருப்பதைவிட நல்ல வெயில் என்று போட்டிருந்தால் வாசிக்க மாட்டான், அன்று காலை முழுக்க ஒரு மாதிரி இருப்பான், ஏமாற்றப்பட்டவன் மாதிரி. பெனிரோசாவின் இங்கிலாந்துக்காரர்கள் கிளப்பில் எல்லோரும் அப்படித்தான். திட்டத் திட்ட அந்த ஊர் அவர்கள் வாயைவிட்டுப் போகாது. வேண்டாதவர்களைப் பற்றி யாராவது தினமும் மூன்று வேளை பேசுவார்களா? ஆனால் நார்மன் ஓட்டுக்கூட அங்கேதான் போட்டான். ஐரோப்பாவை விட்டுப் பிரிய வேண்டும், கண்டவனெல்லாம் உள்ளே வருகிறான் என்று, ஸ்பெயினில் உட்கார்ந்து தபாலில். "கண்டவனெல்லாம்னா நானும்தானே?" என்று கேட்டாள். "நீ வேற, லவ்" என்றான், நிஜமாகவே புரியாமல். அவள் பிரிய வேண்டாம் என்று போட்டாள். இரண்டு உறையையும் ஒரே தபால்பெட்டியில் போட்டுவிட்டு எதிர்க் கடையில் காபி குடித்தார்கள். உன்னுடையது என்னுடையதை அடித்துவிட்டது, தபால்தலை தண்டம் என்று அதற்குத்தான் வருத்தப்பட்டான். பிரிந்ததும் இறைச்சி, பால்பொருள் எதையும் இங்கே கொண்டுவரக் கூடாது என்று சட்டம் வந்தது. அது சட்டம் இல்லை, ஒரு யோசனை மாதிரி, யார் பார்க்கிறார்கள் என்றான். யாரும் பார்க்கவும் இல்லை. 

ஜெஃப்பும் லிண்டாவும் இங்கிலாந்துக்கே திரும்பப் போவது பெட்டியால்தான் தெரிந்தது. பக்கத்துத் தெரு. ஜெஃப் பத்து நாள் இங்கிலாந்து போய்விட்டு ஒரு தோள்பையோடு திரும்பினான். பேக்கன் எங்கே என்று கேட்டதற்கு நேரம் இல்லை என்றான். யாரும் மேலே கேட்கவில்லை. ஒரு மாதத்தில் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை தொங்கியது. திரும்பிப் போகிறவன் எதற்காகத் தேயிலை சுமப்பான். பெட்டி காலியாக வந்தால் வீடும் காலியாகப் போகிறது, கிளப்பில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும், அங்கே பச்சைக் குழந்தை கிடையாது என்றாலும். ஆகவே பெட்டி. நீலப் பெட்டி, கைப்பிடியில் சிவப்பு நாடா. வலது தோள் இறங்கியிருந்தால் கனம். இழுத்துக்கொண்டே வந்தால் சக்கரத்தின் சத்தத்தைக் கேட்க வேண்டும், கனமான பெட்டி அடிக்குரலில் உறுமும், காலிப் பெட்டி தடதடவென்று துள்ளும். நோயாளி வார்டுக்குள் நடந்து வருவதைப் பார்த்தே எத்தனை நாள் தங்குவார் என்று சொல்லிவிடுவாயே சால், என்று மேட்ரன் சொல்வார். சால். அங்கே யாருக்கும் சலோமி என்று முழுதாகக் கூப்பிட நேரம் இல்லை.

"சால்! நீயும் இங்கதான் நிக்கறியா?" பமீலாதான். கிளப்பின் பொருளாளர், வுல்வர்ஹாம்ப்டன்காரி, தலைமுடியைப் புதிதாகச் சுருட்டியிருக்கிறாள். அவளுடைய தங்கை பர்மிங்ஹாமிலிருந்து வருகிறாளாம், அந்த விமானம் தாமதமாம். "இங்க எதுதான் நேரத்துக்கு நடக்குது, சொல்லு?" விமானம் அங்கிருந்தல்லவா கிளம்ப வேண்டும் என்று சலோமி சொல்லவில்லை. பமீலாவுக்கு அது தெரியும், சொன்னால் அவளும் சிரிப்பாள், ஆனால் சொல்லத் தெம்பில்லை. "நார்மன் எனக்கு பேக்கன் எடுத்துட்டு வர்றானா இல்லையா? ஆறு பாக்கெட்டுனு சொல்லி அனுப்பிச்சேன். கொழுப்பு கம்மியா. போன தடவை பூரா கொழுப்பு." "வருவான், பாரு." "ஏன் மொகம் ஒரு மாதிரியா இருக்கு? அவன் அங்க வேற யாரையாவது புடிச்சுட்டானா?" "எழுபத்து நாலு வயசுல அவனை யாரு புடிப்பா, பம்." "எனக்குத் தெரிஞ்சு அஞ்சு பேர் இருக்கோம், க்யூவுல. கேஸ் அடுப்பு பாக்கத் தெரிஞ்ச ஆம்பளை, சும்மாவா?" சலோமி சிரித்துவிட்டாள். பமீலா கையைப் பிடித்தாள். "வீட்டு ஞாபகமா இருக்கா, டியர்?" "ம்." "எனக்கும்தான். அக்டோபர் வந்தா அந்த எலை வாசனை. ஆனா போய் இருக்க முடியுமா சொல்லு. என் தெருவே மாறிப்போச்சு. ஒரு மொகம் தெரிஞ்ச மொகம் இல்ல, பூரா வெளிநாட்டுக்காரங்க, உன்னைச் சொல்லல, நீ நம்மாளு." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அதோட ஆர்தர் வேற இங்க இருக்கானே" என்றாள். ஆர்தர் அவள் புருஷன். மூன்று வருஷத்துக்கு முன்னால் செத்தவன். பெனிரோசா கல்லறைச் சுவரில் மூன்றாவது வரிசையில் இருக்கிறான். பமீலா காபி குடிக்கப் போனாள், போகும்போது, "கொழுப்பு கம்மியா!" என்று ஒருமுறை திரும்பிச் சொல்லிவிட்டு.

வீட்டு ஞாபகமா. இந்தக் கேள்வியை முதன்முதலில் இதே பமீலாதான் கேட்டாள், வந்த புதிதில், கிளப் வாசலில். சலோமி நாகர்கோவிலைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அம்மா அப்பா எல்லாம் போய்விட்டார்கள், ஒரு தங்கை இருக்கிறாள் என்று ஆரம்பித்தாள். பமீலா குழம்பிப்போனாள். "இல்ல டியர், லீட்ஸ்." அன்றைக்கு வீட்டுக்கு வந்து அடுப்படியில் தனியாக நின்றது ஞாபகம் இருக்கிறது. லீட்ஸில் முப்பத்தாறு வருஷம் இருந்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பை முடித்து, எழுபத்திரண்டாம் வருஷம், ஒரு கம்பளிக் கோட்டோடு போனவள். அங்கே சம்பாதித்தாள், கல்யாணம் பண்ணினாள், பிள்ளை பெற்றாள், மாமியாரின் காலைக் கழுவினாள், மாமியார் கடைசியில் இவள் கையால்தான் குடிப்பேன் என்று அடம் பிடித்துச் செத்தாள். அத்தனைக்கும் பிறகு, பணி ஓய்வுக்கு முந்தின வாரம், மூத்திரக் குழாய் மாற்றும்போது ஒரு பெரியவர் கேட்டார், நல்ல மனுஷன், வலியிலும் நன்றி சொல்கிறவர். "எந்த ஊரும்மா?" "லீட்ஸ்." "இல்ல, நிஜமா எந்த ஊரு?" கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பேச்சுக்குக் கேட்கிறார். எல்லோரும் பேச்சுக்குத்தான் கேட்டார்கள். பேருந்தில், கடையில், ரூத்தின் பள்ளிக்கூட வாசலில். எப்போது ஊருக்குப் போவீர்கள். ஊரில் வெயில் அதிகமா. முப்பத்தாறு வருஷம் பதில் சொல்லிக்கொண்டே இருந்த கேள்வி, விமானம் ஏறி இரண்டரை மணி நேரம் பறந்து இங்கே இறங்கியதும் நின்றுபோயிற்று. இங்கே அவளும் நார்மனும் ஒன்று. இரண்டு பேரும் மொழி தெரியாத இங்கிலாந்துக்காரர்கள்.

மீன்கடை என்கார்னா. சந்தையில் மூன்றாவது கடை, கை இரண்டிலும் செதில், தொண்டை அப்படியொரு தொண்டை. முதல் வருஷம் ஒருநாள் சாளை மீன் வாங்கிவிட்டு, சாளைதான், அதே சாளை, வெள்ளி வயிறும் பச்சை முதுகும், பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பையைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு நடந்தாள். பின்னாலிருந்து என்கார்னா கத்தினாள், "லா இங்க்லேசா! லா இங்க்லேசா!" ஏ இங்கிலாந்துக்காரி. சலோமி திரும்பிப் பார்த்தாள், யாரைக் கூப்பிடுகிறாள் என்று தனக்குப் பின்னால் பார்த்தாள், ஒரு வெள்ளைக்காரியைத் தேடினாள். ஒருத்தியும் இல்லை. என்கார்னா பையைத் தூக்கி அவளைப் பார்த்தே ஆட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தேங்காய் அரைத்து விட்டு மீன்கறி வைத்தாள், நார்மன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட்டான். கறியில் உப்பு போட மறந்திருந்தது. அவன் சொல்லவில்லை. அவளும் எதையும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது, ஒரு மீன்காரி என்னை இங்கிலாந்துக்காரி என்று கூப்பிட்டாள், எனக்கு சந்தோஷமாக இருக்கிறது என்றா? ஆமாம், நீ இங்கிலாந்துக்காரிதானே என்பான். அவனுக்கு அவள் எப்போதும் இங்கிலாந்துக்காரிதான். அதுதான் அவனிடம் சொல்ல முடியாத காரணம். வெயிலுக்காகத்தான் சாலுக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். வெயிலும்தான். மொட்டைமாடியில் துணி அரை மணியில் காய்வதும், செப்டம்பரில் மாதாவைத் தூக்கிக்கொண்டு வெடி போட்டுத் தெருத்தெருவாகப் போவதும், கோட்டாறு தேரைப் பார்க்கப் போகக் கூடாது, நாம் அந்த சபை இல்லை என்று அப்பா கண்ணை உருட்டியதும், இப்போது எழுபத்திரண்டு வயதில் நடுத்தெருவில் நின்று வாயைப் பிளந்து பார்ப்பதும். ஆனால் அதற்காக மட்டும் இல்லை. திரும்பி லீட்ஸ் போனால் மறுபடியும் கேட்பார்கள். பங்களாவுக்குப் பக்கத்து வீட்டுக் கிழவி கேக் செய்து எடுத்துக்கொண்டு வருவாள், நல்லவளாக இருப்பாள், உட்கார்ந்து தேநீரைக் கலக்கிக்கொண்டே கேட்பாள். நிஜமா எந்த ஊரு? கல்லறைக்குப் போகிறவரை. இங்கிலாந்துக்காரியாக இருக்க வேண்டும் என்றால் இங்கிலாந்துக்கு வெளியே இருக்க வேண்டியிருக்கிறது, இதை ரூத்திடம் சொன்னால் அவளுக்கு எவ்வளவு வலிக்கும், அவள் அங்கேயே பிறந்தவள், அவளையும் கேட்கிறார்களாம். சே. ஒரு மீன்காரி கூப்பிட்ட பேருக்காகப் பெற்ற மகளை வேண்டாம் என்கிறேனா? இருக்கலாம். ரூத் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சாக வேண்டும் என்றுதானே எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். வார்டில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், என் மகள் வந்தாளா நர்ஸ் என்று. வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன், பொய்யாகவும் சொல்லியிருக்கிறேன்.

கதவு திறந்துவிட்டது. இந்த முறை ஆட்கள். சிவந்த கழுத்து, அரைக்கால் சட்டை, லீட்ஸில் ஏறும்போதே போட்டுக்கொண்டு நடுங்கியிருப்பார்கள். ஒரு குடும்பம், தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தை. நான்கு பெண்கள் ஒரே மாதிரித் தொப்பியில். கம்பியைப் பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று அணைத்துக்கொண்டு போகிறார்கள். நார்மன் இல்லை. நார்மன் எப்போதும் முதல் பத்து பேருக்குள் வருகிறவன், வரிசை என்றால் முன்னால் நிற்பது அவனுக்கு மதம். இருபது பேர் வந்தாயிற்று. முப்பது. பைலட்டும் பணிப்பெண்களும்கூட உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டி வரவில்லையோ. பெட்டியே கொண்டுவரவில்லையோ, கைப்பையோடு வருகிறவன் முதலிலேயே அல்லவா வந்திருக்க வேண்டும். கதவு மூடிவிட்டது. உள்ளே ஏதாவது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடைப்புக்கு அவன் நெஞ்சில் குழாய் வைத்தது இந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான், நர்ஸ் பெண் மழை மாதிரி ஸ்பானிஷில் பேசினாள், சலோமிக்கு ஒரு சொல் புரியவில்லை, மானிட்டரின் பச்சைக் கோடு புரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தாள். மாத்திரையை எடுத்துக்கொண்டாயா என்று நேற்று கேட்காமல் விட்டுவிட்டேன். பங்களா பங்களா என்று அதிலேயே புத்தி போய், மாத்திரையைக் கேட்கவில்லை. ரூத் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாள். "அம்மா, அங்க அப்பாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆனா, நான் டிக்கெட் போடறதுக்குள்ள நீங்க பொதைச்சு, பூவெச்சு, வீட்டுக்கு வந்து குளிச்சே முடிச்சிருப்பீங்க." ஆர்தர் விஷயத்தைக் கேட்டதிலிருந்து அவளுக்கு அந்தப் பயம். ஆர்தர் திங்கள் செத்தான், செவ்வாய் மாலை சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள், இங்கே அதுதான் வழக்கம். அவனுடைய அண்ணன் இங்கிலாந்திலிருந்து போன் பண்ணி, அடக்கம் இன்னும் ரெண்டு மூணு வாரம் கழிச்சுதானே, லீவு சொல்லிட்டு நிதானமா வர்றேன் என்றான், அங்கே அப்படித்தான், பிணத்தைக் குளிரில் வைத்துவிட்டு சாண்ட்விச்சுக்குச் சொல்லி, அழைப்பு அனுப்பி, எல்லோருக்கும் தோதான வெள்ளிக்கிழமை பார்த்துச் செய்வார்கள். முடிஞ்சுபோச்சு என்று சலோமிதான் போனில் சொன்னாள். கிளப்பே ஆடிப்போயிற்று. என்ன அவசரம், என்ன காட்டுத்தனம். நாகர்கோவிலிலும் மறுநாள்தான் என்று அவள் சொன்னாள், யாரும் காதில் வாங்கவில்லை, அவள்தான் லீட்ஸ்காரி ஆயிற்றே. நார்மன் மட்டும் அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது, "எனக்கு இது புடிச்சிருக்கு, சால். சட்டுனு. மூணு வாரம் ஃபிரிட்ஜுல கெடக்கறதுக்கு" என்றான். அப்படிச் சொன்னவனை. அங்கே கொண்டுபோய். கதவே, திற.

திறந்தது. நார்மன். தனியாக வருகிறான், கடைசி ஆள், முகம் செங்கல் மாதிரி. நடக்கிறான். நன்றாக நடக்கிறான். மூச்சு சரியாக இருக்கிறது, உதடு நீலம் இல்லை. அப்புறம்தான் பெட்டியைப் பார்த்தாள். நீலப் பெட்டி, சிவப்பு நாடா. சக்கரம் தடதடவென்று துள்ளியது. காலி. ஒரு விரலால் இழுத்துக்கொண்டு வருகிறான். சலோமி கம்பியிலிருந்து கையை எடுத்தாள். சரி. போகிறோம். கம்பளிக் கோட்டைத் தூக்கிக் கொடுத்தாயிற்று, புதிதாக வாங்க வேண்டும். என்கார்னாவிடம் எப்படிச் சொல்வது, ஊருக்குப் போகிறேன் என்ற ஸ்பானிஷ் எனக்குத் தெரியுமா. நார்மன் வந்து கன்னத்தில் முத்தம் வைத்தான், ரூத் வீட்டு சோப்பு வாசனை, நாய் வாசனை. எங்கிருந்தோ பமீலா காபிக் கோப்பையோடு வந்துவிட்டாள். "எங்க என் ஆறு பாக்கெட்டு?"

"பறிச்சுட்டான், பம்." நார்மன் பெட்டியைக் காலால் ஒரு தட்டு தட்டினான். "சுங்கத்துல ஒரு பையன். மீசை கூட மொளைக்கல. பெட்டியத் தெறன்னான். மேசை மேல ஒவ்வொண்ணா எடுத்து அடுக்கினான், ஏலம் விடற மாதிரி. பேக்கன், சாசேஜ், செடார் சீஸ், ரூத் கறி அடைச்சுச் சுட்டுக் குடுத்த போர்க் பை. நாங்க இப்ப வெளி நாடாம். எங்கிட்டயே சொல்றான்!" "நீதானே ஓட்டு போட்டே" என்றாள் பமீலா. "பேக்கனுக்கா போட்டேன்?" "தேயிலை?" "தேயிலைய விட்டுட்டான். தேயிலை என்ன கனமா இருக்கு." பமீலா தலையில் கை வைத்துக்கொண்டாள். சலோமிக்கு ஒரு விஷயம் மெதுவாக, சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது. "நார்மன், பேக்கன் எவ்வளவு வச்சிருந்தே?" "கேக்காத." "சொல்லு." "எட்டுக் கிலோ." "எட்டுக் கிலோவா! யாருக்கு?" "யாருக்குன்னா? பம்முக்கு, கிளப்புக்கு, மீதி நமக்கு. ஃப்ரீசர் கீழ்த்தட்டு காலியாத்தானே இருக்கு. அடுத்த கோடை வரைக்கும் தாங்கும்னு கணக்கு போட்டேன்." அடுத்த கோடை. நம் ஃப்ரீசர். கீழ்த்தட்டு.

காருக்கு நடந்தார்கள். வெளியே வெயில் அடித்தது, பெட்டி பின்னால் தடதடத்தது, அந்தச் சத்தம் இப்போது வேறு மாதிரி இருந்தது. "வந்து பேசிக்கலாம்னு சொன்னியே" என்றாள், டிக்கியைத் திறந்துகொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல். "ஆங். அந்த பங்களா." அவன் பெட்டியை உள்ளே எறிந்தான். "குளியலறையில கார்ப்பெட்டு, சால். சுவத்துக்குச் சுவரு. எந்த மடையன் குளியலறையில கார்ப்பெட் போடுவான்? பின்பக்கம் பாய்லர் வேற, பாத்தாலே வயத்தக் கலக்குது, நான் அந்த வீட்டுல ஒரு ராத்திரி கண்ணசர மாட்டேன். ரூத்துகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்." டிக்கியை அடித்து மூடினான். "அதாவது, உனக்குப் பிடிக்காதுன்னு சொன்னேன்." "எனக்கா?" "உங்க அம்மா வெயில விட்டு வர மாட்டானு சொன்னேன். அழுதா. போன் பண்ணுவா, நீ கொஞ்சம் சமாளிச்சுக்க. போன்ல உங்கிட்ட சொல்ல முடியல, அவ பக்கத்துலயே நின்னா." நாற்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பேச்சுக்கு வேறு அர்த்தம். "ஏண்டா, பழிய என் தலையில போட்டியா?" என்று தமிழில் கேட்டாள். அந்த ஒரு தொனி அவனுக்குத் தெரியும். "சரி, சரி, போதும்" என்றான், அவனும் தமிழில், அவனுக்குத் தெரிந்த மூன்று சொல்லில் இரண்டு. காரில் உட்கார்ந்ததும் போனை எடுத்துப் பார்த்தான். ஒன்றும் வாசிக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "என்ன, லீட்ஸ்ல வெயிலா?" "நேத்து வரைக்கும் கொட்டு கொட்டுனு கொட்டுச்சு" என்றான் ஜன்னல் பக்கம் திரும்பி, "நான் கெளம்பினதும் சூரியன் ஆரம்பிச்சுட்டான்." சலோமி வண்டியை எடுத்தாள். சந்தை ஒன்றரை மணி வரை இருக்கும். போகிற வழியில் நிறுத்திச் சாளை வாங்க வேண்டும், பேக்கன் இல்லாத வீட்டில் மத்தியானத்துக்கு வேறு என்ன இருக்கிறது. ரூத்துக்கு என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும். மீனை அலசும்போது யோசிக்கலாம்.

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை அதிகாலை, நார்மன் ஹார்கிரீவ்ஸ் பெனிரோசாவில் தன் வீட்டில் மாரடைப்பால் இறந்தார். வயது எழுபத்தைந்து. அன்று லீட்ஸில் ஐந்து டிகிரி, மழை. அடக்கம் மறுநாள் மாலை நடந்தது, மீன்கடை என்கார்னா கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாள். ரூத் வியாழக்கிழமை காலை வந்து சேர்ந்தாள்.